புழுவும் பெயரும்

தமிழ் பயிலும் மாணவர் கடற்புழுவைப் பற்றி எழுதப் புகுந்தால் நண்பர் சிலர் நகைப்பர்; பெரியோர் சிலர் வியப்பர். “இலக்கணமும் இலக்கியமும் கற்க வந்தீர், சேற்றில் நெளியும் புழுவோடு உமக்கு யாது தொடர்பு?” என்று எம்மை வினவினாரும் உளர். அவர்க்கு யாம் கூறும் விடை இது: பெயர் எங்கே உண்டோ அங்கே தமிழ் மாணவனுக்கும் வேலை உண்டு. சென்ற கோடை விடுமுறையில் ஒரு புழுவின் பெயரைத் தேடிச் சென்ற யாம், வேறொரு பெயரைச் சொல்ல நாணி நின்றோம். அந்நாணத்தின் வரலாறே இக்கட்டுரை.

எம் தோழர் ஒருவர் இக்கல்லூரியில் விலங்கியல் பயில்கின்றார். கழிமுகத்துப் புழுக்களைத் திரட்டி இனம் பிரித்தெழுதும் பணி அவருக்கு வாய்த்தது. எமது இல்லம் கடலூர் முதுநகரில் உள்ளதாகலின், அங்கிருந்து பரங்கிப்பேட்டைக்குத் துணை வரவேண்டும் என்று எம்மை அழைத்தார். வெள்ளாறு கடலொடு கலக்கும் இடம் பரங்கிப்பேட்டை. 1929-இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் அவ்வாற்றங்கரையிலேயே உள்ளது. பேராசிரியர் சேஷையா அவர்கள் அடிகோலி வளர்த்த அந்நிலையம், 1960-களில் உயராய்வு மையம் என்னும் ஏற்றமும் பெற்றது. கடலுயிர் நூல் கற்பார்க்கு அவ்வூர் ஒரு திருத்தலம் எனலாம். எமக்கோ அஃது எம் பெரியப்பாவின் ஊர். இதனைத் தோழருக்கு யாம் சொல்லவில்லை.

இனிப் புழுவின் இயல்பை முதற்கண் சொல்லுதும். மண்புழுவைக் காணாதார் இலர். வளையம் வளையமாக அமைந்த அதன் உடலைப்போன்ற உடலே இக்கடற்புழுவிற்கும் உண்டு. ஆயின் ஒவ்வொரு வளையத்தின் இருமருங்கும் துடுப்புப் போன்ற சிறு தசைமடல்கள் நீண்டிருக்கும். அம்மடல்களினின்றும் நுண்ணிய முட்கள் கற்றை கற்றையாகப் புறப்படும். கரும்புத் தோகையில் கையை உராய்ந்தால் உறுத்தும் சுணையை அம்முட்கள் நினைவூட்டின. ஆங்கில நூல்கள் ‘பாலிகீட்டா’ என்று வழங்கும் கிரேக்கச் சொல்லுக்குப் ‘பல மயிர் உடையது’ என்பது பொருள். யாம் அதனைப் ‘பல்சுணைப் புழு’ என்று எம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். மயிர் என்னும் சொல்லைவிடச் சுணை என்னும் சொல் அவ்வுறுப்பின் தன்மையை நன்கு காட்டும் என்பது எம் துணிபு.

இப்புழுக்களை இனம் பிரித்த வரலாறும் சுவையுடையது. சுவீடன் நாட்டு லின்னேயஸ் என்பார் 1758-இல் வெளியிட்ட தம் நூலின் பத்தாம் பதிப்பே, விலங்குகளின் பெயரீட்டிற்குத் தொடக்கமாக இன்றும் கொள்ளப்படுகின்றது. அவர் புழுவையும் சிப்பியையும் நத்தையையும் ஒரே தொகுதியில் அடைத்து, அனைத்திற்கும் ‘புழு’ என்றே பெயர் தந்தார். பின்வந்தோர் வளையவுடல் உடையவற்றை வேறாக்கினர். 1850-இல் குரூபே என்னும் ஜெர்மானிய அறிஞர் சுணை மிக்கவற்றிற்குப் ‘பாலிகீட்டா’ என்று பெயரிட்டார். அவற்றுள்ளும் அலைந்து திரிவன, ஓரிடத்து அமர்வன என இரு பிரிவு கண்டோர் 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர். அப்பிரிவு உறவைக் காட்டுவதன்று, வாழ்முறையையே காட்டுவது என்று பின்னர்க் கைவிடப்பட்டது. மரபணு ஆராய்ச்சியின் வழியாக 2011-இல் புதிய எல்லைகளோடு மீண்டும் உயிர் பெற்றது. அவ்வாராய்ச்சி மற்றொன்றையும் காட்டிற்று. சுணை குறைந்தன என்று நெடுங்காலம் புறத்தே வைக்கப்பட்ட மண்புழுவும், சுணையே இல்லாத அட்டையும், இப்பல்சுணைக் குடும்பத்தின் உள்ளேயே தோன்றிய கிளைகளாம்! அயலார் என்று திண்ணையில் அமர்த்தப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகளாயினர் என்க.

பெயர்களை ஆராயப் புகுந்தபோது எமக்கு நன்னூல் துணைநின்றது. பெயரை இடுகுறி என்றும் காரணம் என்றும் பவணந்தியார் பகுத்ததை மாணவர் அறிவர். பல்சுணைப் புழு என்பது காரணப்பெயர். ஆனால் லின்னேயஸ் தந்த ‘நீரெயிஸ்’ என்பதோ கிரேக்கக் கதைகளில் வரும் கடல்மகளிரின் பெயர். சேற்றுப் புழுவிற்குக் கடற்கன்னியின் பெயரையிட்ட அவர் நகைச்சுவை உடையவர் போலும்! ‘யூனிசெ’ என்பதும் அக்கடல்மகளிருள் ஒருத்தியின் பெயரே. திமொத்தேயுவின் தாயாகிய ஐனிக்கேயாளின் பெயரும் அதுவே என்று அறிந்தபோது யாம் பெரிதும் வியந்தோம். பவுல் அப்போஸ்தலன் விசுவாசத்திற்கு எடுத்துக்காட்டாகக் கூறிய அம்மையின் பெயரைக் கழிமுகத்துப் புழுவும் தாங்கி நிற்கின்றது.

இவ்வாறு பேசிக்கொண்டே யாமும் தோழரும் காலை இரயிலில் பரங்கிப்பேட்டை அடைந்து, நீர் வற்றும் பொழுது நோக்கி ஆற்றங்கரைக்குச் சென்றோம். சேற்றுத்திட்டு வெயிலில் மின்னியது. அதன் நடுவே முழங்கால் அளவு சேற்றில் நின்று மண்வெட்டியால் சேற்றைப் புரட்டிக்கொண்டிருந்தார் ஒரு முதியவர். அவர் எம் தந்தையாரின் தமையனார். அந்நாழிகையில் அவர் வேறு துறையில் இருப்பார் என்று யாம் எண்ணியிருந்தோம்.

தூண்டிற்காரர்க்கும் இறால் குஞ்சு பொரிப்பகங்களுக்கும் இப்புழு வேண்டும். தாய் இறாலுக்கு இது சிறந்த உணவாம். அதனைத் தோண்டி விற்பதே எம் பெரியப்பாவின் தொழில். எமது பள்ளிப் பருவத்தில் இதனை அறிந்த சிறுவர் சிலர் எம்மைப் ‘புழு வீட்டுப் பிள்ளை’ என்று கூவி அழைத்தனர். அன்றுமுதல் அவரைப் பற்றி யாம் எவரிடமும் பேசியதில்லை. ஆயினும் இக்கல்லூரியில் யாம் சேர்ந்த ஆண்டில் கட்டிய கட்டணத்தின் பாதி, அப்புழு விற்ற காசே.

தோழர் அவரைச் சுட்டி, “இவரை அறிவீரோ?” என்றார். “அறியோம், இரைக்குப் புழு தோண்டுபவர் போலும்,” என்றோம். சொல் வாயினின்றும் நீங்கியது, மீட்டற்கு வழியில்லை. குளிர் காய்ந்துகொண்டே மறுதலித்த பேதுருவின் கதையைப் பன்முறை படித்திருந்தும் அவ்வேளை அது நினைவிற்கு வரவில்லை. பெரியப்பா நிமிர்ந்து எம்மைப் பார்த்தார். பின்னர்த் தோழரை நோக்கி, “வாங்க தம்பி, என்ன வேணும்?” என்றார். எம்மை நோக்கி ஒன்றும் சொல்லவில்லை.

தோழர் தம் பணியை விளக்கினார். பெரியப்பா இரண்டு புழுக்களை எடுத்து உள்ளங்கையில் இட்டார். எம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. “இது ரெண்டும் வேற வேற தம்பி. இதுக்குப் பக்கத்துல செவப்பா சீப்பு மாதிரி இருக்கு பாருங்க. இது கெட்டிச் சேத்துல ஆழமா கெடக்கும், இழுத்தா அறுந்துபோகும். அதுக்குச் சீப்பு கெடையாது, மேலாகக் கெடக்கும், வேகமா ஓடும்,” என்றார். ஓரிடத்தில் சேற்றினின்று விரல் நீளம் எழுந்து நின்ற குழல்களைக் காட்டினார். கிளிஞ்சல் துண்டும் இலைத்துணுக்கும் ஒட்டி அலங்கரித்த குழல்கள் அவை. “வீடு கட்டிக் குடியிருக்கிறவன் இவன், சத்தம் கேட்டா உள்ளே போயிடுவான்,” என்று நகைத்தார். தோழர் யாவற்றையும் எழுதிக்கொண்டு பணம் நீட்ட, அவர் வாங்க மறுத்துவிட்டார்.

அன்று மாலை சிதம்பரத்தில் தோழரின் தமக்கையார் இல்லத்தில் தங்கினோம். தோழர் புழுக்களைத் தட்டில் பரப்பிக் கைவில்லையால் நோக்கினார். பெரியப்பா கூறிய சிவந்த சீப்பு, குருதி ஓடும் செவுள்; அஃது உடைய புழு ஐனிக்கேயாள் பெயர் தாங்கிய குடும்பத்தது; மார்பைசா என்னும் இனம். செவுள் இன்றி, தலையில் நான்கு கண்ணும், வெளித்தள்ளிய தொண்டையில் இரண்டு கொக்கித் தாடையும் உடையது நீரெயிஸ் குடும்பத்தது. குழல் கட்டுவதோ மூன்றாவது குடும்பம். பள்ளி இறுதி வகுப்பையும் எட்டாத ஒருவர் சேற்றில் நின்று பிரித்த பிரிவும், பியேர் போவெல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1953-இல் வெளிவந்த இந்திய விலங்கின நூலில் பிரித்த பிரிவும் ஒன்றாகவே இருந்தன.

“மார்பைசாவுள் எது?” என்று வினவினோம். தோழர் கூறிய விடை எம்மைச் சிந்திக்க வைத்தது. இங்கிலாந்தின் தென்கரைப் புழு ஒன்றிற்கு 1813-இல் மான்டேகு என்பார் ‘குருதி நிறத்தது’ என்னும் பொருள்பட ‘சாங்குவினியா’ என்று பெயரிட்டார். பின்னர் உலகெங்கும், நம் நாட்டிலும், செவுளுடைய இவ்வினத்துப் புழுக்கள் பலவற்றிற்கு அப்பெயரே வழங்கப்பட்டது. 2003-இல் ஆய்வாளர் இங்கிலாந்துப் புழு ஒன்றையே அப்பெயருக்குரிய மாதிரியாக நாட்டி, அப்பெயரால் வழங்கிய ஆஸ்திரேலியப் புழுவை வேறினம் என்று காட்டினர். ஆகவே நம் புழுவையும் ஆராயாது அப்பெயரால் அழைத்தல் பிழை. சில்கா ஏரிப் புழுக்களை ஆராய்ந்த சதர்ன் என்பார் 1921-இல் மார்பைசா இனத்து ஒரு புழுவிற்குக் கிரேவ்லி என்னும் அறிஞரின் பெயரை இட்டார். அக்கிரேவ்லி சென்னைப் பொருட்காட்சிச் சாலைக்குத் தலைவராக விளங்கியவர். “நமது எதுவென்று நுணுகிப் பாராமல் எழுதலாகாது, இப்போதைக்கு இனப்பெயர் மட்டும் போதும்,” என்று தோழர் முடித்தார். தெரியாத இடத்தில் தூரத்துப் பெயரை ஒட்டிவைப்பதினும், தெரிந்த அளவிற் சொல்லி நிற்பது நேர்மை என்பதை அன்று கற்றோம்.

பின்னர்த் தோழர் சீசாவினுள் இடுதற்குரிய சிறு சீட்டை எடுத்தார். இடம் எழுதினார், நாள் எழுதினார், சேற்றின் தன்மை எழுதினார். “திரட்டியவர் பெயர் வேண்டும், அம்முதியவர் பெயரைக் கேட்க மறந்தோமே! பெயரில்லாச் சீட்டு பயனில்லை. பின்னொருவர் ஐயுற்றால் யாரைக் கேட்பார்?” என்றார். யாம் வாளா இருந்தோம். பெயரின் வகையெல்லாம் காலைமுதல் பேசிய எம் நா, ஒரு பெயரைச் சொல்ல எழவில்லை. முடிவில் பெரியப்பாவின் பெயரைச் சொன்னோம். “உமக்கு எவ்வாறு தெரியும்?” என்றார் தோழர். “அவர் எம் பெரியப்பா,” என்றோம். தோழர் எம்மைச் சற்று நேரம் நோக்கினார். கடிந்து ஒன்றும் சொல்லாமல், தெளிவான எழுத்தில் அப்பெயரைச் சீட்டில் எழுதிப் பார்மலினில் இட்டார். நீரில் நனையினும் அழியாத மையால் எழுதினார் என்பதை யாம் கண்டோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் வகையாற் பகுத்த முறை நினைவில் ஓடியது. நத்தையும் முரளும் ஈரறிவின. நண்டும் தும்பியும் நாலறிவின. மக்கள் ஆறறிவினர் என்பது அவர் கொள்கை. நீரெயிஸ் புழுவிற்குத் தொட்டறியும் உறுப்பும், நாற்றத்தை ஒப்பன அறியும் பிடரி உறுப்பும், கண்களும் உண்டு. அதனை நண்டோடு ஒப்ப வைக்கலாமோ என்று எண்ணினோம். உடனே எம்மை எங்கே வைப்பது என்னும் வினா எழுந்தது. ஆறாம் அறிவு மனம் என்பர். உற்றாரை உற்றார் என்று சொல்லாத மனம் எவ்வகை அறிவு?

மறுநாள் தோழரை வண்டியேற்றிவிட்டு யாம் மட்டும் பரங்கிப்பேட்டைக்கு மீண்டோம். பெரியப்பா வீட்டுத் திண்ணையில் மண்வெட்டிக்குக் காம்பு இறுக்கிக்கொண்டிருந்தார். யாம் தலைகுனிந்து நின்று, “பெரியப்பா, நேற்று…” என்று தொடங்கினோம். “வெயில்ல கண்ணு கூசியிருக்கும், விடு தம்பி,” என்றார் அவர். “சாப்பிட்டியா?” என்றும் கேட்டார். சீட்டில் அவர் பெயர் எழுதப்பட்ட செய்தியைச் சொன்னோம். “புழு போத்தல்ல எம் பேரா?” என்று வியந்து, பெரியம்மாவைக் கூவியழைத்து அதனைச் சொல்லி இருவரும் நெடுநேரம் சிரித்தனர்.

வேதத்தின் தொடக்கத்தில் ஆதாம் மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் பேரிட்டான் என்று கற்றோம். அவ்விடத்தில் மீனும் புழுவும் சொல்லப்படவில்லை. அவை பின்வந்தோர்க்கு விடப்பட்ட வேலை போலும். உலகில் இதுவரை 10,000-க்கு மேற்பட்ட பல்சுணைப் புழுவினங்கள் பெயர் பெற்றுள்ளன. வெள்ளாற்றுச் சேற்றில் இன்னும் சரியான பெயர் பெறாதன இருத்தல் கூடும். அவற்றைத் தேடுவார்க்கு யாம் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. கையில் வில்லையும் நூலும் கொண்டு செல்லுங்கள். சேற்றில் நிற்பவரையும் வினவுங்கள். அவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அச்சீசா இப்போது எம் கல்லூரி விலங்கியற் கூடத்தின் அலமாரியில் உள்ளது. வகுப்பு முடிந்து செல்லுங்கால் சில நாள் யாம் அங்கே நிற்பதுண்டு. உடன்வரும் மாணவர், “யார் இவர்?” என்று சீட்டைச் சுட்டுவர். இப்பொழுது யாம் விடை சொல்லத் தயங்குவதில்லை.