கம்பளமும் பூனையும்

பூனை வளரும் இல்லங்களில் என்றேனும் ஒரு நாள் எழும் கேள்வி இது: தொழும் கம்பளத்தில் பூனை சிறுநீர் கழித்துவிட்டது, இனி அதில் தொழலாமா? இதனுள் இரு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கக் காண்கிறோம். மார்க்க முறைப்படி விரிப்பு எப்போது சுத்தமாகும் என்பது ஒன்று. கறையும் வாடையும் எவ்வாறு நீங்கும் என்பது மற்றொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் சில வீடுகளில் நல்ல கம்பளம் பாழாகிறது. சில வீடுகளில் பூனை சாக்கில் கட்டப்பட்டு ஆற்றுக்கு அப்பால் விடப்படுகிறது.

பூனை நம்மைச் சுற்றித் திரியும் உயிர், அது அசுத்தமானதன்று என்பது அபூகதாதா (ரலி) அவர்கள் வாயிலாக வந்த நபிமொழியின் கருத்து. உளூவுக்கு வைத்திருந்த நீரைப் பூனை பருகட்டுமென்று பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தவர் அந்தத் தோழர். எனினும் இச்சலுகை அதன் வாய்நீருக்கே, சிறுநீர் நஜீஸ்தான். ஏழு முறை கழுவி, ஒரு முறை மண்ணிட வேண்டும் என்பாரும் உளர். அது நாயைப் பற்றிய சட்டம். பூனையின் மேல் அதனை ஏற்றுதல் முறையன்று.

மறைந்த சாச்சா காஷ்மீரிலிருந்து வாங்கி வந்த கம்பளத்தை நம் சாச்சி இக்காரணத்தால் ஈராண்டு பரணில் போட்டு வைத்திருந்தார். குட்டியின் மேல் அவருக்குக் கோபமில்லை. "எத்தனை தரம் கழுவினாலும் மனசு ஒப்பலையே வாப்பா" என்பார். அறியாமையைவிட இத்தகைய வஸ்வாஸ்தான் நம் பெண்மக்களை அதிகம் வருத்துகிறது. கறை படாத பகுதியில் நின்று தொழுதாலே தொழுகை கூடும் என்பதைக்கூட அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

ஈரம் காயுமுன் வெள்ளைப் பருத்தித் துணியை மடித்து அழுத்தி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் சிறுநீர் அடிநூல்வரை இறங்கும். வெந்நீரில் கம்பளி சுருங்கித் திரளும். சலவைச் சோடாவும் பிளீச்சிங் பவுடரும் அறவே ஆகா. கம்பளி நம் தலைமுடி போன்ற புரதப் பொருளாதலால் அவை அதனை அரித்துவிடும். கடையில் விற்கும் நொதிக் கரைசல்களிலும் புரதத்தைச் சிதைப்பவை உண்டு. கம்பளிக்கு ஏற்றது என்று புட்டியில் எழுதியிராதவற்றை விட்டுவிடுக. (இன்று கிடைக்கும் முஸல்லாக்களில் பல செயற்கை நூலால் ஆனவை. ஓர் இழையைக் கொளுத்தினால் முடி கருகும் நாற்றம் வருவது கம்பளி. உருகி மணியாவது செயற்கை.)

சிறுநீர் நாட்பட அம்மோனியாவாகிக் காரத்தன்மை பெறுகிறது. அதனை முறிப்பது வினிகர், நம் முன்னோர் சொன்ன காடி. ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு 2 அல்லது 3 பங்கு தண்ணீர் கலந்து, முதலில் ஒரு மூலையில் சாயம் கழல்கிறதா என்று பார்த்துவிட்டு, கறையில் விட்டு ஒற்றுக. காடியை நல்லதொரு தொடுகறி எனப் புகழ்ந்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்). கம்பளத்துக்கும் அது உதவுவதில் நமக்கொரு மகிழ்ச்சி.

அத்துடன் நின்றுவிடலாகாது. நஜீஸை நீக்கக் காடி போன்ற தூய திரவமும் போதும் என்பது இமாம் அபூஹனீபா அவர்களின் கொள்கை. தண்ணீரே வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபு. ஆகவே இறுதியில் தண்ணீர் ஊற்றுவது இரு சாராருக்கும் பொருந்தும். ஊற்றுவது என்பதைக் கவனிக்க. தொட்டியில் முக்கினால் அந்தச் சிறிதளவு நீரே நஜீஸாகிவிடும் என்பர் ஷாபிஈகள். மொட்டைமாடியில் சரிவாக விரித்து, நீர் வழிந்தோடும்படி ஊற்றுவதே நாம் விரும்பும் வழி. பிழிய முடியாத கம்பளமாயின் ஹனபிகள் 3 முறை கழுவி, ஒவ்வொரு முறையும் சொட்டு நிற்கும்வரை காத்திருப்பார்கள். பள்ளிவாசலில் சிறுநீர் கழித்த நாட்டுப்புற அரபியை வைய விடாமல் தடுத்து, அவ்விடத்தில் ஒரு வாளி நீரை ஊற்றச் சொன்ன நபிகளாரின் பண்பை இங்கே நினைக்காமலிருக்க இயலவில்லை.

கயிற்றுக் கட்டிலின் மேல் நிழலில் பரப்பினால் அடியிலும் காற்றோடி விரைந்து உலரும். ஈரம் தங்கினால் அடியிலுள்ள பருத்தி நூல் இற்றுப்போகும்.

சிறுநீரிலுள்ள யூரிக் அமிலத்தின் படிவு தண்ணீரில் எளிதில் கரையாது. மழைக்காலத்தில் வாடை திரும்பக் கூடும். முயன்றும் நீங்காத நிறம் மட்டுமோ வாடை மட்டுமோ மன்னிக்கப்படும் என்றே ஷாபிஈ நூல்கள் விதிக்கின்றன. இரண்டும் சேர்ந்திருந்தால் மீண்டும் கழுவ வேண்டும். சாச்சியின் கம்பளத்தில் வாடை போய்விட்டது; வெளிறிய மஞ்சள் வட்டம் ஒன்று நிற்கிறது. அதன்மேலேயே அவர் இப்போது தொழுகிறார்.

வாடை மிஞ்சிய இடத்தைப் பூனை மீண்டும் தேடி வரும். அம்மோனியா கலந்த கரைசலால் துடைத்தாலும் அவ்வாறே. தட்டில் மணலிட்டு ஒதுக்குப்புறமாக வைத்தால் பெரும்பாலும் அங்கே போகப் பழகிக்கொள்ளும். அடிக்கடி முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போகிறதென்றால் அது குறும்பன்று, நோய். ஆண் பூனையாயின் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.