வீட்டில் செய்த ஓடு

நமது சங்கத்து அன்பர்கள் நம்மைக் காணும்போதெல்லாம், "உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பொழுது எப்படிப் போகிறது?" என்று பரிவுடன் வினவுவது வழக்கம். 2024ஆம் ஆண்டு நவராத்திரிக்கு முந்தைய ஒரு மாத காலம், கணிப்பொறிக்கு ஓடு செய்வதில் போயிற்று என்று விடை கூறினால் அவர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் உண்மை அதுதான். செய்தவள் நம் பேத்தி. பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவி. அருகில் அமர்ந்து குறுக்கே பேசியவர்கள் நாமும் நம் இல்லாளும்.

ஓடு என்றது கூரை ஓட்டையன்று. யூனிக்ஸ் என்னும் இயக்கமுறையில், மனிதன் தட்டச்சு செய்யும் கட்டளையை வாங்கி, உரிய நிரலை ஏவிவிட்டு, அது முடிந்ததும் அடுத்த கட்டளைக்காகக் காத்து நிற்கும் ஒரு நிரல் உண்டு. அதற்கு ஷெல் என்று பெயர். உள்ளிருந்து இயந்திரத்தை ஆளும் பகுதியைப் பருப்பு என்றும், வெளியே நின்று நம்மோடு பேசும் பகுதியை ஓடு என்றும், தேங்காயைக் கண்டவர்கள் போலவே பெயரிட்டிருக்கிறார்கள். ஓடு என்ற பெயரை வழங்கியவர் லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர். 1960களின் நடுவில், மல்டிக்ஸ் என்னும் இயக்கமுறைக்காக. பின்னர் யூனிக்ஸுக்கு முதல் ஓட்டை எழுதியவர் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்துக் கென் தாம்சன். அதன்பின் 1979இல் ஸ்டீபன் போர்ன் எழுதியது வந்தது. அதன் வழியைப் பின்பற்றி 1989இல் பிரையன் ஃபாக்ஸ் 'பாஷ்' என்பதை வெளியிட்டார். தமிழில் 'ஓடு' என்றால் விரைந்து செல் என்றும் பொருளுண்டு என்று நாம் சொன்னபோது, "நிரலை நாங்களும் 'ரன்' செய்வதாகத்தானே சொல்கிறோம், தாத்தா!" என்று பேத்தி வியந்தாள்.

நமக்கு இதனுடன் பழைய பரிச்சயம் உண்டு. 1971இல் மாயவரத்திலிருந்து புறப்பட்டு, சென்னையில் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறித் தலைநகர் வந்து, கரோல் பாக்கில் ஒரு பர்சாத்தி அறையில் மூவராகக் குடியிருந்து, ஒரு வங்கியில் எழுத்தர் வேலையில் அமர்ந்தோம். டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984இல் வங்கிகளின் இயந்திரமயம் பற்றி அறிக்கை அளித்தபின், மெல்ல மெல்லக் கிளைகளுக்குக் கணிப்பொறிகள் வரலாயின. நம் கிளைக்கு வந்தது யூனிக்ஸ். கறுப்புத் திரையில் ஒரு டாலர் குறி மட்டும் மினுங்கும். பேரேடு எழுதிப் பழகிய கை அதன்முன் நடுங்கிற்று. தவறாகத் தட்டினால் ஆங்கிலத்தில் ஒற்றை வரியில் கடிந்துகொள்ளும். சரியாகத் தட்டினாலோ ஒன்றும் பேசாது. மேலதிகாரிகளில் இவ்விதக் குணமுடையோரை நாம் முன்பே கண்டிருந்தமையால் விரைவில் பழகிக்கொண்டோம்.

பேத்திக்குக் கல்லூரியில் இட்ட பயிற்சி, அத்தகைய ஓடு ஒன்றைத் தானே எழுதுவது. சி மொழியில் ஏறக்குறைய நானூறு வரிகள். கஃபார் மார்க்கெட்டில் நினைவகத் துண்டு வாங்கிச் செருகி உயிர்ப்பித்த நமது பழைய மடிக்கணினியில், லினக்ஸின்மேல் அதனை எழுதினாள். வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டோம். கட்டளை வந்ததும் ஓடு முதலில் தன்னைப்போலவே ஒரு படியை ஈன்றுகொள்கிறது. இருப்பது தாய், பிறந்தது சேய். சேய் அடுத்த கணமே தன் நிரலை உதறிவிட்டு, ஏவப்பட்ட நிரலாக மாறிவிடுகிறது. தாய் அது முடியும்வரை காத்திருக்கிறது. கூடுவிட்டுக் கூடு பாய்வதுபோல் இருக்கிறதே என்றோம். ஆனால் எண்ணிப் பார்த்தால் அதற்கு நேர்மாறு: சித்தர் கதையில் உயிர் வேறு உடல் புகும், இங்கே உடல் அப்படியே இருக்க, உயிர் மாறுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிடிபி-7 என்னும் சிறு இயந்திரத்தில் யூனிக்ஸ் பிறந்த நாளில், தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் இந்தத் தாய்-சேய் முறையைப் புகுத்தி மகிழ்ந்திருக்கையில், அடைவு விட்டு அடைவு செல்லும் கட்டளை திடீரென வேலை செய்யாமற் போயிற்றாம். ரிட்சியே இதனைப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். காரணம் எளிது. இடம் மாறியது சேய். மாறிய மறுகணம் அது முடிந்துபோகிறது. தாய் நின்ற இடத்திலேயே நிற்கிறது. எனவே அந்த ஒரு கட்டளையை மட்டும் சேயிடம் ஒப்படைக்காமல் ஓடு தானே செய்யவேண்டும் என்று ஆயிற்று. இன்றளவும் எல்லா ஓடுகளிலும் அப்படித்தான். பேத்தியும் அதே பள்ளத்தில் விழுந்து இரண்டு நாள் கிடந்துதான் எழுந்தாள். மாயவரத்தில் தந்தையாரை விட்டு நாம் புறப்பட்டதும் இவ்வகையே அல்லவா? நம் முகவரி மாறிற்று. அவருடையது இறுதிவரை மாறவில்லை.

கல்லூரிக்கு வேண்டியது இவ்வளவோடு முடிந்திருக்கும். நம் இல்லாள் உள்ளே நுழைந்ததால் வளர்ந்தது. அவளிடம் ஒரு பழைய குறிப்பேடு உண்டு. நாற்பதாண்டுகளாக நம் வீட்டுக் கொலுவுக்கு அழைக்கும் குடும்பங்களின் பெயரும் முகவரியும் அதில் இருந்தன. அடித்து அடித்து மேலே எழுதியதில் தாள் நைந்து, எழுத்து மங்கிவிட்டது. அதனைக் கணிப்பொறியில் ஏற்றித்தரும்படி பேத்தியைக் கேட்டாள். ஏற்றுவதற்கு அதைப் படிக்க வேண்டும். பேத்திக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பூசா சாலையில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி நடந்துபோகும் தொலைவில் இருக்க, ஏதேதோ வசதியை எண்ணி வேறொரு பள்ளியில் அவளைச் சேர்த்தபோது, தலையாட்டியவர்கள் நாமே. அந்த நினைவு நம்மைப் பல நாள் உறுத்தியதுண்டு, வாய்விட்டுச் சொன்னதில்லை.

பாட்டி வாசிக்க, பேத்தி ஓர் எழுத்துமுறை அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு தேடித் தேடித் தட்டினாள். நான்கு மாலைகள் கழிந்தன. ஐந்தாம் மாலை பேத்தி கேட்டாள்: "பட்டியலை நீங்களே பார்க்க வேண்டுமென்றால், பாட்டி, கணிப்பொறியிடம் எப்படிச் சொல்வீர்கள்?" பாட்டி சற்றும் யோசியாமல், "கொலு காட்டு என்பேன்" என்றாள்.

உலகத்து ஓடுகள் எல்லாம் முதற்சொல்லைக் கட்டளை என்று கொள்பவை. செய்யப்படுபொருள் பின்னே வரும். பாட்டியின் வாக்கியத்தைக் கொடுத்தால், 'கொலு' என்றொரு கட்டளை இல்லை என்று அவை மறுத்துவிடும். "காட்டு கொலு என்று சொல்லுங்கள், பாட்டி" என்று பேத்தி திருத்திப் பார்த்தாள். "தமிழ் தெரியாத பிள்ளை பேசுவதுபோல் இருக்கிறது" என்று வந்தது பதில். இங்கே நாம் குறுக்கிட்டு, நமது மொழியில் வினை கடைசியில் வரும் என்பதையும், 'பால் குடித்தான்' என்பதில் ஐ உருபு மறைந்து நிற்பதுபோல் 'கொலு காட்டு' என்பதிலும் நிற்கிறது என்பதையும் விளக்கினோம். பள்ளி விட்டு அறுபதாண்டுகளுக்குப் பின் வேற்றுமைத் தொகை நமக்கு உதவியது அன்றுதான். பேத்தி தன் நிரலில் பத்து வரி மாற்றினாள்: வரியின் கடைசிச் சொல் தமிழ் வினையாயின் அதனை எடுத்து முன்னே வை, பிறகு வழக்கம்போல் ஏவு. கொலுப் பட்டியல் திரையில் ஓடிற்று. பாஷிலேயே ஒரு சொல்லுக்கு மாற்றுப்பெயர் சூட்டிவிடலாமே என்று கணிப்பொறி அறிந்த நேயர்கள் கேட்கலாம். சூட்டலாம், சொல் மாறும், வாக்கியம் மாறாது.

அதன்பின் நிகழ்ந்ததுதான் நமக்கு மிகவும் பிடித்தது. யூனிக்ஸில் குழாய் என்றொரு உத்தி உண்டு. டக் மக்கில்ராய் என்பவர் நெடுங்காலம் வற்புறுத்தி, 1973இல் தாம்சன் அமைத்தது. ஒரு நிரல் தருவதை அடுத்த நிரல் வாங்கிக்கொள்ளும். அது தருவதை அதற்கடுத்தது. நடுவே ஒரு நெடுங்கோடு இடுவார்கள். பேத்தி இதனை விளக்கிக்கொண்டிருக்கையில் சமையற்கட்டிலிருந்து பாட்டியின் குரல்: "அதைப் பேசிக்கொண்டே இந்தக் கத்தரிக்காயை அரிந்து, வதக்கி, இறக்கி வை." பேத்தி நிமிர்ந்து நம்மைப் பார்த்தாள். அரிந்ததைத்தான் வதக்குவது, வதக்கியதைத்தான் இறக்குவது, கோடு ஒன்றும் இடாமலே வாக்கியம் நிற்கிறது. இதற்கு வினையெச்சம் என்று பெயர் என்றோம். அன்றிரவே நெடுங்கோட்டை நீக்கிவிட்டு, வினையெச்சம் வந்தால் அங்கே ஒரு குழாய் என்று எழுதினாள். உவமையில் ஒரு குறை உண்டென்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சமையலில் அரிந்து முடித்தபின்தான் வதக்குகிறோம். குழாயிலோ நிரல்கள் யாவும் ஒரே காலத்தில், கட்டட வேலையில் செங்கலைக் கைமாற்றி விடுவோரைப்போல், இயங்குகின்றன.

எச்சத்துக்கு விதி கேட்டாள் பேத்தி. "காட்டு, காட்டி, தேடு, தேடி. இகரம் சேர்த்தால் போதுமா?" அழி என்பது அழித்து ஆகிறது, செல் என்பது சென்று ஆகிறது. விதியைக் கைவிட்டு, ஒவ்வொரு சொல்லாக அட்டவணை இட்டாள். இரவு பதினோரு மணிக்கு, "தாத்தா, நில் என்றால் நின்று, எண் என்றால்?" என்று கேட்டு எழுப்புவாள். இப்படி நம்மை யாரும் கேட்டு வெகு காலமாகியிருந்தது. எழுந்து உட்கார்ந்து விடை சொன்னோம்.

பெயரிடுவதில் இரண்டு இடங்களில் பாட்டி விட்டுக்கொடுக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை முடிக்கும் ஆங்கிலக் கட்டளையை நேரே பெயர்த்துக் 'கொல்' என்று வைத்திருந்தாள் பேத்தி. கொலு வைக்கும் வீட்டில் அது ஆகாது என்று மறுக்கப்பட்டு, 'நிறுத்து' என்று ஆயிற்று. அக்கட்டளை செய்வதும் ஒரு சைகை அனுப்புவதே ஆகையால் பொருளுக்குப் பழுதில்லை. ஓட்டை விட்டு வெளியேறும் கட்டளைக்குப் 'போகிறேன்' என்று இருந்தது. விளக்கேற்றும் நேரத்தில் அதைக் கண்ட பாட்டி, "புறப்படும்போது யாராவது போகிறேன் என்பார்களா? வருகிறேன் என்று எழுது" என்றாள். வெளியேறுவதற்கு 'வருகிறேன்' என்ற கட்டளையா என்று பேத்தி திகைத்தாள். தர்க்கத்துக்குப் பொருந்தவில்லைதான். அப்படியே இருந்துவிட்டது.

இடையே ஒரு தொல்லை. முன்பு தட்டிய கட்டளையை மேலம்பு விசையால் மீட்பதற்காக, விசைப்பலகை முழுவதையும் பேத்தி தன் நிரலின் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தாள். அதனால் பின்னழிவும் அவள் பொறுப்பாயிற்று. 'கொலு' என்று தட்டிவிட்டு ஒருமுறை அழித்தால், எழுத்து போகாமல் கறுப்புச் சாய்சதுரத்துள் ஒரு கேள்விக்குறி தோன்றும். சொல் முழுவதும் போகப் பன்னிரண்டு முறை அழுத்த வேண்டும். யூடிஎஃப்-8 என்னும் குறியீட்டில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொள்வதே காரணம். அந்தக் குறியீட்டை 1992 செப்டம்பரில், நியூஜெர்சியில் ஓர் உணவுச்சாலையில், தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளின்மேல் வரைந்தவர்கள் ராப் பைக்கும், யூனிக்ஸின் முதல் ஓட்டை எழுதிய அதே தாம்சனும். தொடர்ந்து வரும் பைட்டுகள் இரும எண்ணில் 10 என்றே தொடங்கும்படி அவர்கள் அமைத்திருப்பதால், அவற்றைத் தாண்டி முதற்பைட்டு வரை பின்செல்வது எளிதாயிற்று. ஆயினும் 'கொ'வை அழித்தால் கொம்பும் காலும் மட்டும் மறைந்து 'க' எஞ்சுகிறது. உயிர்மெய் ஓரெழுத்தல்லவா, முழுதும் போகவேண்டாமா என்று நாம் வாதாடினோம். தவறாகக் கொம்பு போட்டவனுக்கு இதுதான் வசதி என்றாள் பேத்தி. அது இன்னும் தீரவில்லை.

புரட்டாசி பிறந்தது. அழைப்புக்கு முன், கரோல் பாக்கிலேயே இருப்பவர்களை நேரிற் சென்று அழைக்கவேண்டும், மற்றவர்களுக்குத் தொலைபேசி. எத்தனை வீடு ஏறவேண்டும் என்று அறிய, பாட்டி தானே நாற்காலியில் அமர்ந்து, ஒரு விரலால், நீண்ட நேரம் தட்டினாள்:

கொலு காட்டி கரோல்பாக் தேடி எண்ணு

குறிப்பேட்டில் இருந்தவை 64 குடும்பங்கள். ஒரு காலத்தில் அவற்றில் பெரும்பாலானவை நாலைந்து தெருக்களுக்குள் அடங்கியவை. மயூர் விஹார், துவாரகா, நொய்டா, சென்னை என்று முகவரிகளை மாற்றி எழுதியது அவளுடைய கைதான். ஒவ்வொன்றாக எழுதியதால் மொத்தம் தெரிந்திருக்கவில்லை. திரையில் 9 என்று வந்தது.

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. "நம்மையும் சேர்த்தா?" என்று பிறகு கேட்டாள்.

"நம் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையே, பாட்டி."

"அப்படியானால் அதையும் எழுது" என்றாள். பேத்தி நம் பெயரைத் தமிழில், அட்டையைப் பாராமல் தட்டினாள். பாட்டி மேலம்பை அழுத்தி, அதே வரியை மீண்டும் ஏவினாள். 10.