பெர்னாண்டஸ் என்னும் பெயர்

மும்பையில் வாழும் தமிழர்க்குப் பெர்னாண்டஸ் என்ற பெயர் புதியதன்று. அடுத்த கட்டடத்தில் ஒரு பெர்னாண்டஸ் இருப்பார். பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் இருவர் இருப்பர். ரயில்வேயில் ஊழியம் செய்யும் நம் போன்றோர்க்கோ அது மறக்கவொண்ணாத பெயர். 1974-ஆம் ஆண்டு மே மாதத்தில் நாடு தழுவிய ரயில்வே வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஜார்ஜ் பெர்னாண்டஸ், பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1989-இல், அதே ரயில்வேக்கு அமைச்சராகவும் வந்து அமர்ந்தார். வேலைநிறுத்தம் நாம் பிறக்குமுன் நடந்தது. ஆயினும் ஓய்வு பெற்ற பெரியவர்கள் அலுவலகத்திற்கு வந்தால் அப்பேச்சு எழாமற் போவதில்லை.

இப்பெயர் எங்கிருந்து வந்தது என வினவினால், கோவாவிலிருந்து என்பர் பலர். கோவாவுக்கு அது வந்தது போர்ச்சுகலிலிருந்து. 1510-இல் போர்ச்சுகீசியர் கோவாவைக் கைப்பற்றிய பின்னர், ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்கள் பல, ஞானத்தந்தையின் பெயரையோ குருவானவரின் பெயரையோ தம் குடும்பப் பெயராக ஏற்றன. நம் தூத்துக்குடிக் கடற்கரைக்கும் அவ்வாறே 1530-களில் பெர்னாந்து முதலான பெயர்கள் வந்தன. ஆனால் இதே பெயர்க்கு ஸ்பெயின் நாட்டிலும் ஓர் உருவம் உண்டு. போர்ச்சுகீசியர் அப்பெயரை 'எஸ்' என்னும் எழுத்தால் முடிப்பர். ஸ்பானியர் 'இசட்' என்னும் எழுத்தால் முடிப்பர். வேற்றுமை அவ்வளவே. நாம் இங்கே சொல்லப் புகுவது அந்த ஸ்பானியப் பெர்னாண்டஸைப் பற்றி. வெறும் சொல்லாராய்ச்சியாக மட்டும் இதனை எழுதவில்லை. பிறமாநிலத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றும் ஒருநாள் விடை சொல்லியாக வேண்டிய கேள்வி ஒன்று இப்பெயரின் வரலாற்றுக்குள் கிடக்கிறது.

பெர்னாண்டஸ் என்பதன் பொருள் மிக எளியது: பெர்னாண்டோவின் பிள்ளை. 'எஸ்' என ஒலிக்கும் இறுதிப்பகுதி 'இன்னாருடைய' என்னும் பொருளைத் தருவது. பெர்னாண்டோ என்பதோ ஸ்பானியச் சொல்லே அன்று. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினுட் புகுந்து, 711 வரை அங்கே அரசாண்ட விசிகோத்தியர் என்னும் ஜெர்மானியக் கூட்டத்தாரின் மொழியிலிருந்து வந்தது அது. அப்பெயரின் பிற்பகுதிக்குத் துணிவு என்று பொருள். முற்பகுதிக்கு அமைதி என்பர் ஒரு சாரார். பயணம் என்பர் மற்றொரு சாரார். துணிந்து பயணம் செய்பவன் என்னும் பொருளே ஊர்விட்டு ஊர் வந்த நம்மனோர்க்குப் பிடிக்கும். ஆயினும் நமக்குப் பிடித்ததற்காக அதுவே சரியெனச் சாதிக்க நாம் முனையவில்லை.

அரசர் பலர் இப்பெயரைத் தாங்கியமையால் குடிகளிடையேயும் பெர்னாண்டோக்கள் பெருகினர். 1248-இல் செவில்லா நகரை வென்ற மூன்றாம் பெர்னாண்டோ பின்னாளில், 1671-இல், புனிதராகவும் அறிவிக்கப்பெற்றார். கொலம்பஸைக் கடல்மேல் அனுப்பிய இசபெல்லா அரசியாரின் கணவர் பெயரும் பெர்னாண்டோவே. பெர்னாண்டோக்கள் பெருகினால் பெர்னாண்டஸ்கள் பெருகாதிருப்பரோ?

இனிச் சுவையான இடத்திற்கு வருவோம். இடைக்கால ஸ்பெயினில் இப்பெயர் குடும்பப் பெயராக இருந்ததில்லை. அது ஒரு தலைமுறைக்கே உரியது. ஸ்பானியர் போற்றும் பெருவீரர் எல் சித் என்பாரை எடுத்துக்கொள்வோம், 1099-இல் மறைந்தவர். அவருடைய இயற்பெயர் ரொட்ரிகோ டியாஸ். டியாஸ் என்றால் டியேகோவின் மகன். அவர் தந்தை பெயர் டியேகோ லாயினெஸ், அஃதாவது லாயினின் மகன் டியேகோ. பாட்டனார் லாயின் நூன்யெஸ். நூன்யோவின் மகன் லாயின். சரி, எல் சித்தின் மகன் பெயர் என்ன? டியேகோ ரொட்ரிகெஸ். பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இட்டு, அதனோடு தகப்பன் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள்! நான்கு தலைமுறையில் நான்கு வெவ்வேறு பின்பெயர்கள். பெண்மக்களுக்கும் இதுவே முறை. லெயோன் நாட்டரசர் முதலாம் பெர்னாண்டோவின் மகளார் உர்ராகா, உர்ராகா பெர்னாண்டஸ் எனப்பட்டார்.

இதைப் படித்தபோது நமக்குத் தோன்றியது, இஃது எங்கேயோ கேட்ட கதையாயிற்றே என்பதுதான். முத்துவின் மகன் வேலன், மு. வேலன். வேலனின் மகன் கண்ணன், வே. கண்ணன். கண்ணனின் மகனுக்கு முத்து என்று பாட்டனுக்குத் தந்தையின் பெயரை இட்டால் அவன் க. முத்து. தலைமுறைக்குத் தலைமுறை எழுத்து மாறிக்கொண்டே போகும். நாம் ஓரெழுத்தை முன்னே வைக்கிறோம். அவர்கள் முழுப்பெயரைப் பின்னே வைத்தார்கள். மற்றபடி முறை ஒன்றே. தமிழர் அவர்களிடமிருந்து கற்றதுமில்லை, அவர்கள் தமிழரிடமிருந்து கற்றதுமில்லை. இன்னார் பிள்ளை என்று சொன்னால் ஆளை அறிந்துகொள்ளக்கூடிய சிறிய ஊர்களில் இது தானே விளைகின்ற வழக்கம்.

அவ்வழக்கம் ஸ்பெயினில் எப்போது நின்றது? ஒரு நாளில் நின்றுவிடவில்லை. நிலம், சொத்து, பத்திரம், வாரிசு என்ற விவகாரங்கள் வளரவளர, தந்தையின் பின்பெயரையே மகனும் வைத்துக்கொள்வது வசதியாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டுக்குள் பெருங்குடிகளிடையே பெயர் உறைந்துவிட்டது. 1453-இல் பிறந்து, இத்தாலியப் போர்களிற் புகழ்பெற்ற தளபதி கொன்சாலோ பெர்னாண்டஸ் தெ கோர்தொபாவைப் பாருங்கள். அவர் தந்தையின் பெயர் பெர்னாண்டோ அன்று, பேத்ரோ. அந்தப் பேத்ரோவும் ஒரு பெர்னாண்டஸே! பழைய முறைப்படி கொன்சாலோ, பேரெஸ் என்றல்லவோ இருந்திருக்க வேண்டும்? பெர்னாண்டோ என்னும் முன்னோர் ஒருவர் எக்காலத்திலோ இருந்தார் என்பதற்கு மேல் அப்பெயர் ஒன்றும் சொல்லாததாயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் தொலேதோ பேராயர் சிஸ்னேரோஸ், கோயில்தோறும் ஞானஸ்நான ஏடு வைக்கும்படி விதித்தார். 1870-இல் குடிமைப் பதிவுச் சட்டம் வந்து, மீதமிருந்த நெகிழ்ச்சியையும் போக்கியது.

இன்று ஸ்பெயினில் பெர்னாண்டஸ் என்பதை முதற் குடும்பப் பெயராக உடையவர் ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேர். நாட்டில் முதல் ஐந்து பெயர்களுள் அது ஒன்று; வடகடலோரத்து அஸ்தூரியாஸ் வட்டாரத்தில் அதுவே முதலாவது. ('ப'கர ஒலி தேய்ந்து எர்னாண்டஸ் என வழங்கும் கிளை வேறு உளது, மெக்சிகோவில் மிகுதியானது அக்கிளைப் பெயரே.) இத்துணைப் பேரும் ஒரு குலத்தாரோ எனின், இல்லை. ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு பெர்னாண்டோ இருந்தார். ஒவ்வொருவர் பிள்ளையும் பெர்னாண்டஸ் ஆனார். அர்ஜென்டினா நாட்டில் 2007 முதல் 2015 வரை குடியரசுத் தலைவராக இருந்தவர் கிறிஸ்தினா பெர்னாண்டஸ்; 2019 முதல் 2023 வரை அப்பதவியில் இருந்தவர் அல்பெர்தோ பெர்னாண்டஸ். பின்னவர் ஆட்சியில் முன்னவர் துணைத் தலைவர். இருவர்க்கும் உறவில்லை.

ஆளைக் காட்டுவதற்காகப் பிறந்த பெயர், உறைந்து பெருகியபின் ஆளைக் காட்டவே பயன்படாமற் போயிற்று. அதற்கு ஸ்பானியர் கண்ட பரிகாரந்தான் நம்மை மிகவும் கவர்ந்தது. அவர்களுக்குக் குடும்பப் பெயர் இரண்டு: முதலாவது தந்தை வழியது, இரண்டாவது தாய் வழியது. திருமணத்தால் பெண்ணின் பெயர் பதிவேட்டில் மாறுவதுமில்லை. தந்தை வழிப் பெயர் தெருவுக்குப் பத்தாக மலிந்திருந்தால், தாய் வழிப் பெயரே உலகில் நிலைத்துவிடும். ஓவியர் பிக்காசோவின் தந்தை பெயர் ருயிஸ். பிக்காசோ என்பது அவர் தாயாரின் குடும்பப் பெயர். நம் தமிழ் வாசகர்கள் மார்க்கேஸ் என்று சுருக்கி அழைக்கும் கார்சியா மார்க்கேஸுக்கும் மார்க்கேஸ் தாய்வழி வந்ததே. கார்சியாதான் தந்தைவழி, ஸ்பெயினில் அதனினும் மிகுந்த குடும்பப் பெயர் பிறிதில்லை. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால், பெற்றோர் இருவரும் இசைந்தால் தாய்வழிப் பெயரை முன்னால் வைக்கலாம் என்றாயிற்று. 2017 முதல் தந்தைக்கு இயல்பாய் இருந்த முதலிடமும் போய்விட்டது. வரிசையைப் பெற்றோரே சொல்ல வேண்டும்.

நமது சொந்தச் சங்கதிக்கு வருகிறோம். நாம் அலுவலகத்தில் அமர்ந்திருப்பது ஏட்டின் பக்கம். ஊழியர்தம் குடும்ப விவரங்களைச் சரிபார்த்து எழுதுவது நம் வேலை. ஆதலின், பெயரை உறையச் செய்யும் ஏடுகளை நாம் எளிதாகப் பழித்துவிட இயலாது. நம் உறவில் ஒரு மூதாட்டியார்க்குக் கணவர் இறந்தபின் குடும்ப ஓய்வூதியம் வர ஓராண்டுக்குமேல் ஆயிற்று. காரணம், இறந்தவரின் பெயர் சேவைப் பதிவேட்டில் எம். வேலன் என்பது போலவும், வங்கிப் புத்தகத்தில் வேலன் முத்து என்பது போலவும், ஆதார் அட்டையில் முத்து வேலன் என்பது போலவும் இருந்தமையே. மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அந்த அம்மையார் எத்தனை படிகள் ஏறி இறங்கினார்! மாறாத பெயர் ஒன்று இருந்திருந்தால் அத்துன்பம் நேர்ந்திராது.

ஆனால் மாறாத பெயரைத் தேடி நம்மவர் இந்நகரில் செய்வதென்ன? இங்குள்ள விண்ணப்பங்களில் கட்டங்கள் மூன்று: பிள்ளை பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர். மராட்டிய வழக்கத்திற்குப் பொருந்தியது அது. தமிழர்க்கு மூன்றாவது கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை. சிலர் பாட்டனார் பெயரை எழுதுகின்றனர். சிலர் ஊர்ப்பெயரை எழுதுகின்றனர். எழுதக்கூடாதெனத் தம் பெற்றோர் விட்டொழித்த சாதிப் பெயரை மீண்டும் தேடி எடுத்து எழுதுவோரும் உளர். அதனை மட்டும் நாம் ஒப்புவதற்கில்லை. எதை எழுதினும், ஒருமுறை எழுதியது எழுதியதுதான். இன்று நம் பிள்ளையின் மூன்றாம் கட்டத்தில் விழும் பெயர், நாளை அதன் பிள்ளைக்கும் போகும். பெர்னாண்டஸின் கதை நம் வீட்டில் தொடங்கிவிடும்.

நம் பெண்ணைப் பள்ளியிற் சேர்க்கும் பருவம் வந்தபோது, விண்ணப்பத்தை மேசைமேல் வைத்து இரண்டு நாள் யோசித்தோம். நம் தந்தையார் பெயரை எழுதிவிடலாம் என்பது நம் கருத்து. மனைவி மறுத்தாள். "பெண்ணுக்குப் பின்னால் நீங்கள், உங்களுக்குப் பின்னால் மாமா. சரி, பெற்றவள் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன்?" என்று கேட்டாள். ஸ்பானியர் முறையை அவளிடம் விரித்துரைத்தோம். அவள் கேட்டுவிட்டு, "அந்த ஊரிலும் தாய் பெயர் என்பது அவளைப் பெற்ற அப்பன் வீட்டுப் பெயர்தானே?" என்றாள். உண்மைதான். அங்கே தாயின் குடும்பப் பெயர் எனப்படுவது, அவள் தன் தகப்பனிடமிருந்து பெற்றது. அவளுக்கென்று இட்ட பெயர் பிள்ளைக்குச் செல்வதில்லை. நம் முறையிலோ செல்வது குலப்பெயர் அன்று, ஆளின் சொந்தப் பெயர். தகப்பனின் சொந்தப் பெயர் செல்லலாமெனில் தாயின் சொந்தப் பெயர் செல்வதற்கு என்ன தடை?

மராட்டிய அரசும் 2024 மார்ச்சில், அவ்வாண்டு மே முதல் தேதியன்றும் அதன்பின்னும் பிறப்போர்க்கு அரசு ஆவணங்களில் பிள்ளை பெயரை அடுத்துத் தாய் பெயர், அதன்பின் தந்தை பெயர், குடும்பப் பெயர் என எழுத வேண்டுமெனத் தீர்மானித்தது. நம் பெண் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பிறந்தவள். அவ்விதி அவளைச் சாராது. ஆயினும் முதற் கட்டத்தில் அவள் பெயரையும், இரண்டாவதில் நம் பெயரையும், மூன்றாவதில் அவள் தாயின் பெயரையும் எழுதிக் கொடுத்தோம். பள்ளி எழுத்தர் மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்து, இது உங்கள் குடும்பப் பெயரா என்று இந்தியில் வினவினார். ஆம் என்றோம். அவர் முத்திரையைக் குத்திவிட்டு அடுத்தவரை அழைத்தார்.