இடப்புறமே திரும்பிய கார்

பந்தயக் காருக்கும் பங்குத்தந்தை ஒருவருக்கும் என்ன தொடர்பு என்று இப்பக்கத்தைப் புரட்டும் தாய்மார்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். சைக்கிளைத் தவிர வேறெந்த வாகனத்தையும் நான் கழற்றிப் பார்த்தவன் அல்லன். ஆயினும், ஆயரின் அனுமதியுடன் 2014 முதல் 2018 வரை அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு சிறு பங்கில் பணியாற்றியபோது, முதியவர் ஒருவரின் கொட்டகையில் பல மாலை வேளைகளைக் கழித்தேன். அவர் நூற்பாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். ஐம்பதுகளில் அவருடைய தந்தை பந்தயத்தில் ஓட்டிய காரைப் போன்ற ஒன்றை, சாலையில் ஓட்டுவதற்கென்று, அங்கே கட்டிக்கொண்டிருந்தார்.

கடையில் விற்கும் சாதாரணக் காரைக் கொண்டு நடத்தும் பந்தயத்திற்கு அந்நாட்டில் ஸ்டாக் கார் பந்தயம் என்று பெயர். அதன் வேர்களுள் ஒன்று அவ்வளவு புனிதமானதன்று. ஃபோர்டு நிறுவனம் 1932-ஆம் ஆண்டு, எளியவரும் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் கார் ஒன்றைக் கொண்டுவந்தது. மலைப்பகுதியில் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள் அதனை வாங்கி, வேகத்தைக் கூட்டி, பின்புற ஸ்பிரிங்குகளைப் பாரம் தாங்குமாறு மாற்றி, இரவில் காவலரை ஏய்த்து ஓடினர். அவர்களுள் சிலர் பகலில் தமக்குள் போட்டியிட்டனர். நாஸ்கார் என்னும் அமைப்பு 1948-இல் பதிவு பெற்றது. எவ்வித மாற்றமும் செய்யாத கார்களுக்கென்று அது சார்லட் நகரில் 1949 ஜூன் 19 அன்று நடத்திய முதற்பந்தயத்தில், க்ளென் டனவே என்பவர் முதலாவதாக வந்தார். சோதித்துப் பார்த்தபோது, அவர் ஓட்டிய ஃபோர்டின் பின்புற ஸ்பிரிங்குகள் கடத்தல்காரர் முறையில் மாற்றப்பட்டிருந்தது தெரிந்தது. வெற்றி பறிக்கப்பட்டு, அடுத்து வந்த ஜிம் ரோப்பருக்கு வழங்கப்பட்டது. முதியவர் இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் வாய்விட்டுச் சிரிப்பார்.

பெரிய களங்களில் அவருக்கு ஆர்வம் இல்லை. ஒரு மைலுக்கும் குறைந்த சிறு வட்டக் களங்களே அவருக்கு உயிர். ஹிக்கரி என்னும் ஊரில் 1951-இல் திறந்த களத்தில்தான் அவருடைய தந்தை ஓட்டினார். அன்று அது மண் பாதை. ஒரு சனிக்கிழமை மாலை என்னை வின்ஸ்டன்-சேலம் நகருக்கு அழைத்துச் சென்றார். அங்குள்ள போமன் கிரே அரங்கில் கால்பந்து மைதானத்தைச் சுற்றிக் கால் மைல் பாதையில் 1949 முதல் இப்பந்தயம் நடைபெற்று வருகிறது. நம் பள்ளி மாணவர் ஓட்டப் பந்தயம் ஓடும் 400 மீட்டர் வட்டத்தின் அளவே அப்பாதை! அதற்குள் இருபது கார்கள் உரசிக்கொண்டு பாய்வதைக் கண்டு நான் இருமுறை கண்களை மூடிக்கொண்டேன்.

தந்தையின் கார் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. எஞ்சியது ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அதைச் சுவரில் ஆணியடித்து வைத்துக்கொண்டு, வயல் ஓரத்தில் துருப்பிடித்துக் கிடந்த 1937-ஆம் ஆண்டு ஃபோர்டு ஒன்றின் இரு கதவுக் கூட்டை வாங்கி வேலையைத் தொடங்கினார். தாழ்ந்த நிற்பு, அகன்ற இரும்புச் சக்கரங்கள், கதவில் கையால் எழுதிய வெள்ளை எண் ஆகிய யாவும் படத்தில் உள்ளபடியே அமைந்தன. ஆனால் வண்டி சாலையில் ஓட வேண்டுமே! அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

அப்பந்தயங்களில் கார் இடப்புறமாகவே சுற்றுகிறது, செக்கு மாட்டைப் போல. களத்தில் பிணையல் ஓட்டியவர்களுக்குத் தெரியும், உள்ளே நடக்கும் மாட்டைவிட வெளியே நடக்கும் மாடு அதிக தூரம் நடக்க வேண்டும். சாதாரணக் காரில் பின்சக்கரங்கள் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல டிஃபரென்ஷியல் என்னும் பற்சக்கர அமைப்பு உண்டு. பந்தயக்காரரோ இரு சக்கரங்களும் ஒன்றாகவே சுழலும்படி அச்சைப் பூட்டிவிடுவர். அதற்கு ஈடாக, வலப்புறம் சற்றே பெரிய டயரை மாட்டுவர். எடையையும் இயன்றவரை இடப்புறமே வைப்பர். வட்டத்தில் அது அற்புதமாக ஓடும். நேரான சாலையிலோ இடப்பக்கமே இழுக்கும். கடைவீதி முனையில் வலப்புறம் திருப்பினால் டயர் முனகித் தேயும். முதியவர் அச்சை விடுவித்தார், டயர்களைச் சமமாக்கினார், எடையை நடுவுக்குக் கொண்டுவந்தார்.

ஃபோர்டு கார்களுக்கு எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக் 1939-இல்தான் வந்தது. ஆகவே இக்கூட்டிற்குப் புதிய பிரேக் பொருத்தினார். படத்தில் மட்கார்டு இல்லை. பின்னால் வருகிறவன்மீது கல் தெறிக்கக்கூடாது என்று இவர் சிறியனவாகச் செய்து வைத்தார். உருண்டாலும் கூரை நசுங்காதபடி உள்ளே பற்றவைக்கும் இரும்புக் குழாய்க் கூண்டைக் குறித்துத் தந்தைக்கும் மகனுக்கும் சண்டையே மூண்டது. மகன் முழுக் கூண்டு கேட்டான். "பந்தயத்தில் தலைக்கவசம் உண்டு. இதில் என் பேத்தி வெறுந்தலையோடு உட்காருவாள். சிறிய மோதலிலும் அவள் தலை அந்த இரும்பில்தான் அடிபடும்" என்று முதியவர் மறுத்தார். இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு வளைவு மட்டுமே வைத்தார்.

வண்டி 2016-இல் முடிந்தது. அடுத்த ஆண்டு அவருடைய மனைவி நோயுற்றார். அந்நாட்டில் மருத்துவச் செலவு ஒரு குடும்பத்தை எப்படிக் கரைக்கும் என்பதை அப்போதுதான் அருகிலிருந்து கண்டேன். காரை விற்க முடிவு செய்தார். வெளி மாநிலத்திலிருந்து ஒருவர் வந்தார்; சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது ஐம்பதுகளில் ஓடிய அசல் வண்டி என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். கேட்ட விலையைப்போல் இரு மடங்கு தருகிறேன்" என்றார்.

அன்று மாலை முதியவர் என்னைக் கேட்டார். ஒப்புரவு அருட்சாதனத்தில் அன்று. கொட்டகையில், கிரீஸ் படிந்த கையோடு. குருமடத்தில் அறநெறி இறையியலில் நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். என்ன சொன்னேன் தெரியுமா? கூடு பழையதுதானே, எண்ணும் தந்தையுடையதுதானே, வாங்குகிறவரும் விவரம் அறிந்தவர்தானே என்று மழுப்பினேன். அந்த அம்மையாரின் முகமே என் கண்முன் நின்றது. அவர் மறுமொழி கூறவில்லை. கந்தலை எடுத்துக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் சென்றபோது ஓட்டுநர் இருக்கையைக் கழற்றி, கைவிளக்கைப் பிடித்துக் காட்டினார். அடிச்சட்டத்தில் எழுத்தச்சுகளைச் சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்துப் பதித்திருந்தார்: இந்த வண்டி 2016-இல் கட்டப்பட்டது, பந்தயத்தில் ஓடியதில்லை. ஓர் எழுத்து தலைகீழாக விழுந்திருந்தது. "இனி எவன் கைக்குப் போனாலும் கவலை இல்லை, ஃபாதர்" என்றார். நான் விளக்கைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

வெளி மாநிலத்தார் திரும்ப வரவில்லை. 2018 வசந்தத்தில் உள்ளூர் ஆசிரியர் ஒருவர், கேட்டதைவிடவும் குறைவான விலைக்கு வாங்கினார். மீதிக் கடனை மாதந்தோறும் அடைக்க முதியவர் ஒப்புக்கொண்டார். ஒப்படைப்பதற்கு முந்தின மாலை என்னை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். நாற்சந்தியில் விளக்கு பச்சையானதும் வலப்புறம் திருப்பினார். வண்டி முனகாமல் திரும்பியது.

"அப்பாவின் கார் இப்படித் திரும்பாது" என்றார்.

அதன்பின் வீடு வரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த இயந்திரத்தின் இரைச்சலில் நான் பேசியிருந்தாலும் அவருக்குக் கேட்டிராது.