இதர செலவுகள்

டிசம்பர் 2 என்ன நாள்?

வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள். 'தேசிய மாசுக் கட்டுப்பாட்டு தினம்' என்று டக்கென்று சொல்லும். 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம், மரம் வளர்ப்போம்' என்று படம்கூட வரைந்திருக்கும். 'அதென்ன டிசம்பர் 2?' என்று கேளுங்கள். முழிக்கும். நம்மில் பாதிப் பேரும் முழிப்போம்.

1984-ல் அந்த நள்ளிரவில்தான் போபால் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையிலிருந்து சுமார் 40 டன் விஷவாயு கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் புகுந்தது. கோர்ட்டில் அரசாங்கம் ஒப்புக்கொண்ட சாவுகளே 5,295. அந்த நினைவாக வந்ததுதான் இந்த தினம். நாள் இருக்கிறது, பெயரில் போபால் இல்லை.

நான் பி.காம். படித்தவன். எந்தத் தலைப்பிலும் அடங்காத பில்களைப் பேரேட்டில் 'இதர செலவுகள்' என்று தள்ளிவிடுவோம். அதற்குள் போன தொகையைப் பிறகு யாரும் தனியாகக் கேட்பதில்லை. போபாலை அங்கேதான் போட்டுவிட்டோமோ என்று தோன்றுகிறது.

'சார், சுனாமி இருக்கு, கும்பகோணம் இருக்கு. எல்லாத்துக்கும் தனித்தனியா நாள் கேட்டா 365 போதுமா?' என்பீர்கள். நியாயமான கேள்வி. என் அளவுகோல் சாவு எண்ணிக்கை இல்லை. கணக்கு முடிந்ததா, இல்லையா? அவ்வளவுதான்.

போபால் கணக்கைப் பாருங்கள். 1989-ல் 47 கோடி டாலருக்கு சமரசம். நஷ்டஈடு வாங்கியவர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல். வகுத்துப் பார்த்தால் தலைக்கு சுமார் 800 டாலர்தான் வருகிறது. கூடுதல் தொகை கேட்ட மத்திய அரசின் மனுவை 2023-ல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கம்பெனித் தலைவர் வாரன் ஆண்டர்சன் கைதாகி, ஜாமீனில் அமெரிக்கா போனவர், விசாரணைக்குத் திரும்பாமலே 2014-ல் காலமானார். இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு 2010-ல் இரண்டு வருட சிறை, உடனே ஜாமீன். ஆலைக்குள் கிடந்த 337 டன் நச்சுக் கழிவை ஊரைவிட்டு வெளியேற்றியது எப்போது தெரியுமா? 2025 ஜனவரியில். நாற்பது வருஷம்!

ஹிரோஷிமாவில் ஆகஸ்ட் 6 காலை 8.15-க்கு மணியடித்து, ஊரே மௌனமாக நிற்கிறது. அதை யாரும் 'ஆயுதக் கட்டுப்பாட்டு தினம்' ஆக்கிவிடவில்லை.

போபாலில் டிசம்பர் 3 உள்ளூர் விடுமுறை. நாடு முழுக்க லீவு வேண்டாம். விட்டால், 'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல்முறையாக' என்று ஒரு படம் போட்டுவிடுவார்கள். அந்த நாளில் அரசாங்கம் ஒரு ஆண்டறிக்கை வைக்கட்டும், கம்பெனிகள் வைக்கிற மாதிரி. நிலத்தடி நீர் எந்த அளவுக்குச் சுத்தமானது, ஆஸ்பத்திரியில் எத்தனை டாக்டர்கள், இன்னும் எத்தனை பேருக்கு சிகிச்சை... நாலே பக்கம் போதும்.

மாசுக் கட்டுப்பாட்டுக்கு வேறு தேதி பார்த்துக்கொள்ளலாம். டிசம்பர் 2-ஐ போபால்காரர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடலாமே!