மலைநாட்டில் மனத்துயர் ஆற்றுதல்

உடல்நோய் உற்றவனைக் காண ஊரார் வருகின்றனர். உளநோய் உற்றவனிடமிருந்து ஊரார் விலகிச் செல்கின்றனர். மதுவுக்கு அடிமையானவனின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. அவனை நோயாளி என்று எவரும் கருதுவதில்லை; குற்றவாளி என்றே கருதுகின்றனர். கண்டி நகரைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களில் இவ்விரு துயரங்களும் பல வேளைகளில் ஒரே லயன் அறையின் கூரைக்கீழ் வாழ்வன. இவற்றைத் தீர்க்கும் உதவி ஏழைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றதா என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

மேலோட்டமாக நோக்குவார்க்கு விடை எளிதாகவே தோன்றும். இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. கண்டியில் பெரிய வைத்தியசாலை உண்டு. 1980ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற போதனா வைத்தியசாலை அண்டையிலுள்ள பேராதனையில் உண்டு. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழித் தோன்றிய தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை கண்டியிலும் ஒரு சிகிச்சை நிலையத்தை நிறுவியது. தற்கொலை எண்ணத்தால் வாடுவோருக்குச் செவிசாய்க்கும் பொருட்டு 1974இல் கொழும்பில் தொடங்கப்பெற்ற சுமித்ரயோ என்னும் தொண்டர் அமைப்பின் கிளையும் கண்டியில் அமைந்தது. அங்கும் பணம் கேட்பாரில்லை.

ஆயின், கட்டணமில்லை என்பதும் செலவில்லை என்பதும் ஒன்றல்ல. கலஹாவிலோ தெல்தோட்டையிலோ கொழுந்து பறிக்கும் ஒரு பெண், குடிக்கு அடிமையான தன் கணவனைக் கண்டிக்கு அழைத்துச் செல்வதாக எண்ணிப் பார்க்கலாம். அன்றைக்கு இருவரும் பெரட்டுக்குச் செல்ல இயலாது. எனவே இரண்டு பேர் இழப்பு. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1000 ரூபாய் ஆக்குவதற்கே பல ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. 2021இலேயே அது கைகூடிற்று. இழந்த கூலியோடு பேருந்துக் கட்டணமும் கடையில் உண்ணும் உணவும் சேரும்போது, இலவச வைத்தியம் ஒரு கிழமைச் சோற்றை விழுங்கிவிடும். உளநோய்க்கோ ஒருநாட் பயணம் போதாது, மாதந்தோறும் செல்லவேண்டும்.

இதனினும் பெரிய செலவு மொழியாகும். எலும்பு முறிந்தவன் முறிந்த இடத்தைச் சுட்டிக் காட்டலாம். நெஞ்சு முறிந்தவன் எதனைச் சுட்டுவான்? சந்தையிலும் பேருந்திலும் சிங்களம் பேசி ஒப்பேற்றும் தொழிலாளி, தன் அச்சத்தையும் வெட்கத்தையும் தாய்மொழியிலன்றிப் பேசவல்லனல்லன். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால், தமிழ் அறிந்த ஒருவர் எதிரே அமர்ந்தாலன்றிச் சட்டத்தின் மொழி நோயாளியின் காதை எட்டுவதில்லை.

இந்நிலைக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. நெடுங்காலமாக இந்நாட்டின் மனநோய்ப் படுக்கைகளிற் பெரும்பகுதி அங்கொடை, முல்லேரியா, ஹெந்தளை ஆகிய, கொழும்பைச் சார்ந்த வைத்தியசாலைகளிலேயே குவிந்திருந்தது. அங்கொடை என்னும் ஊர்ப்பெயர் வசைச்சொல்லாகவே மாறிற்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை உண்டாக்கிய துயரமே இப்பிரச்சினையின்பால் அரசின் கவனத்தைத் திருப்பியது எனலாம். 2005இல் ஏற்கப்பட்ட மனநலக் கொள்கை, சிகிச்சையைப் பெரிய மனைகளிலிருந்து மாவட்டங்களுக்கும் சமூகத்துக்கும் கொண்டுசெல்ல வேண்டும் என்றது. அந்தப் பாதை கண்டி வரை வந்தது. கண்டியிலிருந்து லயன் வரை செல்லும் கடைசிப் பகுதியே கடினமானது.

அதுவரை அவ்விடத்தில் நிற்பவர் கோடாங்கியே. கற்றோர் அவரை எள்ளி நகையாடுவதுண்டு. ஆயினும் அவர் வீடு தேடி வருகின்றார்; நோயாளியின் மொழியிற் பேசுகின்றார்; உறவினர் அனைவரையும் அமர்த்திக் கதை முழுவதையும் கேட்கின்றார். அவருடைய விளக்கம் பிழையாக இருக்கலாம். அவர் கையாளும் முறை ஆற்றுப்படுத்தற் பணியினர் கற்கத்தக்கது. அறியாமையால் நேரும் தீங்கையும் இங்கு மறைத்தலாகாது. நெடுநாள் மிகுதியாகக் கசிப்பு அருந்தியவன் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றலாம். அது பேயன்று, மருத்துவர் கண்காணிக்கவேண்டிய, உயிருக்கே ஆபத்தான நிலை. இதனை அறிந்த ஒருவர் தோட்டத்தில் இருந்தால் அவன் உரிய நேரத்தில் வைத்தியசாலையை அடைவான்.

இலங்கையின் தற்கொலை வீதம் 1995ஆம் ஆண்டளவில் இலட்சத்துக்கு 47 என்னும் கொடிய உச்சத்தை எட்டியது. மிகுந்த நச்சுத்தன்மையுள்ள பீடைகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டமையால் அது பின்னர் பாதிக்கும் கீழே இறங்கிற்று. உலகம் வியந்த வெற்றி இது. ஆயினும், நஞ்சின் வன்மை குறைந்தமையால் உயிர்கள் தப்பினவேயன்றி, நஞ்சை நாடச்செய்த துயரம் தானே நீங்கிவிடவில்லை. தப்பியவன் வைத்தியசாலைக் கட்டிலிலிருந்து மீண்டும் அதே லயனுக்கு, அதே கடனுக்கு, அதே தவறணைக்குத்தான் திரும்புகின்றான். அவனுக்காகக் காத்திருக்கும் செவி எங்கே?

அச்செவியை உருவாக்குவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை என்பதைப் பிற இடங்களின் அனுபவம் காட்டுகின்றது. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் நிறுவிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், நகரத்து மருத்துவமனையோடு நில்லாது, மஞ்சக்குடி முதலிய கிராமங்களுக்கே சென்று குடிநோய்ச் சிகிச்சை முகாம்களை நடத்தியது. கோவாவில், 1996இல் தொடங்கிய சங்கத் என்னும் அமைப்பினர், மருத்துவப் பட்டமற்ற உள்ளூர்வாசிகளைப் பயிற்றி, ஆரம்பச் சுகாதார நிலையங்களில் ஆற்றுப்படுத்துநராக அமர்த்தினர். தீங்கு பயக்கும் அளவில் குடித்த 377 ஆடவரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வெளியாயிற்று. மூன்று மாதங்களின் பின், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 26 பேரும், அதனோடு சில அமர்வுகளேயான உரையாடலும் பெற்றோரில் 36 பேரும் அந்நிலையிலிருந்து மீண்டிருந்தனர். பத்துப்பேர் வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். பத்துக் குடும்பங்களின் அடுப்பு எரிகின்றது என்று கொண்டால் அது சிறிதன்று.

தமிழுக்கு இக்கருத்துப் புதிதன்று. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையுற்று எதிர்வரும் பாணனுக்கு வழிகாட்டுவதே ஆற்றுப்படை. தான் நடந்த வழியையே அவன் பிறனுக்குச் சொல்கின்றான். 1935இல் அமெரிக்காவில் குடிநோயாளர் இருவர் சந்தித்துத் தொடங்கிய, பெயர் வெளியிடாக் குடிநோயாளர் இயக்கத்தின் அடிப்படையும் இதுவேயாகும். குடியிலிருந்து மீண்ட ஒரு தொழிலாளி, மீளாத மற்றொருவனுடன் லயன் வாசலில் அமர்ந்து பேசும் பேச்சுக்கு எந்த நிபுணரின் பேச்சும் ஈடாகாது.

அதற்காக நிபுணர் வேண்டியதில்லை என்பது பொருளன்று. தொண்டருக்குப் பயிற்சி வேண்டும். அவரது பணியை மேற்பார்வை செய்யும் மருத்துவர் வேண்டும். கேட்டதைப் பிறரிடம் கூறாத ஒழுக்கம் வேண்டும். லயனில் சுவருக்கும் காதுண்டு என்பதை மறத்தலாகாது. நாள் முழுதும் உழைப்பவரிடம் கூலியற்ற தொண்டை எதிர்பார்ப்பதும் நீதியன்று. அவருக்கும் ஓர் ஊதியம் வேண்டும். தோட்டத்தின் மருந்தகமும் பிள்ளை மடுவமும் ஏற்கனவே உள்ளன. கிழமையில் ஒரு மாலை, பெரட்டு முடிந்தபின், அவற்றுள் ஓர் அறை இதற்கெனத் திறக்கப்படலாம். அந்தனை மலையின் அடிவாரத்தில் மருத்துவமும் உளவியலும் தமிழும் கற்பிக்கும் ஒரு பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதே மலையின் சரிவுகளில் தொழிலாளரின் லயன்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்கவேண்டிய கடமை, மலையேறிக் கொழுந்து பறித்துக் களைத்தவரைக் காட்டிலும் கற்றவரையே முதலிற் சாரும்.