அடுக்களைக்கு ஒரு யன்னல்

வீடு திருத்தப் புகுவோர் பெரும்பாலும் முன்விறாந்தையிலேதான் முதலிற் கை வைக்கின்றனர். வருவோர் போவோர் கண்ணில் முதலிற் படுவது அதுவன்றோ! நாமும் அப்படியே தொடங்கவிருந்தோம்.

வலிகாமத்துக் கிராமமொன்றிலுள்ள எமது வீடு துணைவியாருக்குச் சீதனமாக வந்தது. நடுவே திறந்த முற்றமும் சுற்றித் தாழ்வாரமும் கொண்ட பழைய நாற்சார் வீடு. 1995 ஒக்ரோபரில் ஊரே இடம்பெயர்ந்தபோது பூட்டிவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து பார்க்கையிற் சுவர்கள் நின்றன. கதவுகளும் யன்னல்களும் அலுமாரியும் இருக்கவில்லை. அன்று அவசரத்துக்கு அடித்த தகரமும் பலகையுமே இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்தன. சென்ற ஆண்டு கடன் பெற்றுக்கொண்டு திருத்த வேலையில் இறங்கினோம்.

நாற்சார் வீட்டின் சிறப்பை எழுதுவோர் பலர். முற்றத்தால் வெளிச்சமும் காற்றும் வருமென்பர். உண்மைதான். ஆயின் அவ்வெளிச்சம் எவ்விடத்தில் நின்றுவிடுகிறது என்பதை அவர்கள் எழுதுவதில்லை. எமது வீட்டில் அது அடுக்களை வாயிலோடு நின்றுவிடும். பின்மூலையில் ஒட்டிக் கட்டிய சிறு அறை, கரி படிந்த சுவர், கையகலச் சாளரம், நிலத்தோடு மூன்று கல் அடுப்பு, மேலே அஸ்பெஸ்டஸ் தகடு. அங்கேதான் எமது மாமியார் நாளொன்றுக்கு ஆறேழு மணிநேரம் குனிந்தும் குந்தியும் புகையை விழுங்கியும் ஐம்பது ஆண்டுகளைக் கழித்தார். ஆண்டிற் பத்து நாள் விருந்தினர் வந்து அமரும் விறாந்தைக்கோ மூன்று பக்கமும் காற்று!

ஓர் இரவு செலவுப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். விறாந்தைக்கு மாபிள், கண்ணாடி அலுமாரி, மெத்தைக் கதிரைகள் என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தோம். அடுக்களைக்கு எழுதியிருந்தது ஒரே வரி: வெள்ளையடித்தல். வகுப்பிலே பெண்விடுதலை பற்றிக் கட்டுரை எழுதுவிக்கும் எமது கையெழுத்துத்தான் அது. பட்டியலைக் கிழித்து மறுபடி எழுதினோம்.

மாமியார் அதற்கு உடன்படவில்லை. “இருட்டு எனக்குப் பழகிப் போச்சுது தம்பி. நீங்கள் விறாந்தையைப் பாருங்கோ” என்றார்.

வடக்குச் சுவரை உடைத்துப் பெரிய யன்னல் வைத்தோம். அடுப்பை இடுப்பளவு உயரத்துக்கு ஏற்றிப் புகைக்கூடு கட்டினோம். காஸ் அடுப்பு இருக்க விறகடுப்பு எதற்கென்று நண்பர் கேட்டனர். 2022 இல் வெற்று உருளையுடன் வரிசையில் நின்றவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். பழைய கூரையிற் கழற்றிய பனஞ்சிலாகைகள் வைரம் பாய்ந்தவை. கறையான் எளிதில் அண்டாதவை. அவற்றைச் சீவிச் சுவர்த் தட்டுகளும் ஒரு நீள வாங்கும் செய்வித்தோம். கடையில் வாங்கிய எந்தத் தளபாடமும் அந்த வாங்கைப் போல் உதவவில்லை. மரக்கறி அரிவதும், பிள்ளை பாடம் படிப்பதும், மாமியார் முதுகு சாய்வதும் அதிலேதான்.

அஸ்பெஸ்டஸ் தகட்டை நீர் தெளித்து, உடையாமல் இறக்குவித்து, பழைய ஓடு தேடி வேய்ந்தோம். அதன் நுண்ணிழை சுவாசப்பையிற் புகுந்தாற் புற்றுநோய் விளையும் என்பது மருத்துவம் நன்கு அறிந்த செய்தி. 2018 முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த எமது அரசாங்கமும் எண்ணியிருந்தது. 2017 டிசெம்பரிலே, வண்டு கண்டோம் என்று கூறி ருஷ்யா எமது தேயிலையை நிறுத்திற்று. அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடும் அதுவே. சில நாட்களுக்குள் இங்கே கட்டுப்பாடு கைவிடப்பட்டது. அங்கே தேயிலைக்கு வழி திறந்தது. தகடு அறுக்கும் தொழிலாளியின் நெஞ்சைப் பற்றி அந்தப் பேரத்தில் யார் கவலைப்பட்டனர்?

எமக்கு வேலை செய்த மேசனார் எழுபதைத் தாண்டியவர். அவர் என்ன சாதியினர் என்பதை ஊர் அறியும், இங்கே எழுதவேண்டியதில்லை. முதல் நாள் முன்வாயிலால் அழைத்தபோது தயங்கி நின்றார். பின் உள்ளே வந்து, சிவப்புச் சீமெந்துத் தளத்தைக் குனிந்து தடவிப் பார்த்தார்.

“இது நானும் அப்புவும் போட்டது மாஸ்ரர். போட்டுக்கொண்டு பின்பக்கமாய் வந்து வாசலால இறங்கினனாங்கள். அதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் மிதிக்கிறன்.”

எந்த ஆண்டு என்று கேட்டோம். மாவிட்டபுரம் கோயில் வாயிலிலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்த ஆண்டு என்றார். அதாவது 1968. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்து அப்போதே பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அது கடை, பாடசாலை, வழிபாட்டிடம் போன்ற பொது இடங்களுக்கான சட்டம். வீட்டு வாயிற்படியைக் கேட்க அதற்கு அதிகாரமில்லை.

பணம் முடிந்துவிட்டது. விறாந்தை இன்னும் பூச்சின்றி நிற்கிறது. வருவோர் அதைப் பார்த்து எமக்காக இரங்குகின்றனர். அடுக்களையில் இப்போது காலை வெயில் விழுகிறது. மாமியார் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் அரிசியை முற்றத்துக்கு எடுத்துச் செல்லாமல் அங்கேயே கல் பொறுக்குகிறார்.

யன்னல் பூட்டிய அன்று மேசனாரைப் புதிய வாங்கில் இருத்தித் தேநீர் கொடுத்தோம். மாமியாரே ஊற்றிக் கொடுத்தார். எமக்கு மனம் நிறைந்தது. மறுநாட் காலை பார்த்தால், அவர் குடித்த குவளை தட்டிலே மற்றவற்றோடு இருக்கவில்லை. நன்றாகக் கழுவி, புதிய யன்னலின் வெளிக்கட்டிற் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நாம் அதை எடுத்துத் தட்டில் வைத்தோம். மாலையில் மீண்டும் அது வெளியே இருந்தது. மறுபடியும் உள்ளே எடுத்து வைத்திருக்கிறோம். மேசனாருக்கு இன்னும் மூன்று நாள் வேலை இருக்கிறது.